படகில் ‘ட்டி’ கிடையாது

2023 ஜனவரி 8, ஞாயிறு

டெல்பினுக்கு மூக்குக்கண்ணாடி வந்திருக்கிறது. எனக்குத் தொப்பை வந்திருக்கிறது. படகுக்கு மட்டும் புதுப் பெயிண்ட்.

பிப்ரவரி 19-ஆம் தேதி எங்கள் கல்லூரி என்.சி.சி. கடற்படைப் பிரிவின் பழைய மாணவிகள் சந்திப்பு. தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் பாய்மரப் படகுப் பந்தயமும் உண்டு. நிபந்தனை ஒன்றுதான்: அந்தக் காலத்தில் யாரோடு ஓட்டினோமோ அதே ஜோடியோடு ஓட்ட வேண்டும். சங்கச் செயலாளர் சண்முகக்கனி போனில், "உன் ஜோடி டெல்பின் பம்பாய்ல இருந்து வந்து ரெண்டு வருஷமாச்சே, தெரியாதா?" என்றாள். தெரியுமே என்றேன். தெரியாது.

முப்பத்தைந்து வருடம் ஒரு வார்த்தை பேசாதவளிடம் முதலில் என்ன பேசுவது என்று நேற்றே யோசித்து ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். தலைமையாசிரியை அல்லவா, எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். அவள் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நேராக வந்து, படகுத்துறையில் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு, "என்னட்டி புஷ்பம், இப்படி வெளுத்துப்போய்ட்ட?" என்றாள். என் வாக்கியம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

பழைய இடத்திலேயே உட்கார்ந்தோம். நான் பின்னால்: சுக்கான், பெரிய பாயின் கயிறு. அவள் முன்னால்: சின்ன முன்பாயின் கயிறு, படகு பக்கவாட்டில் நழுவாமல் தண்ணீருக்குள் இறக்கும் நடுப்பலகை. படகு சாய்ந்தால் வெளியே சரிந்து எடை கொடுப்பதும் அவள் வேலைதான். பத்தே நிமிடத்தில் மூன்று தடவை படகின் மூக்கு காற்றுக்கு நேராகத் திரும்பி, பாய் இரண்டும் படபடக்க, நடுக்கடலில் நின்றுவிட்டோம். காற்று வருகிற திசைக்கு நேராக எந்தப் பாய்மரப் படகும் போகாது என்பது முதல் நாள் பாடம். கொஞ்சம் விலகித்தான் போக வேண்டும். ஆசைப்பட்டு நேராகப் போகப் பார்ப்பவர்கள் நின்றுபோவார்கள்.

கரையில் நின்ற கல்லூரிப் பிள்ளைகள் சிரித்தார்கள். என் பள்ளியாக இருந்திருந்தால் முட்டி போட வைத்திருப்பேன்.

ஜனவரி 9, திங்கள்

பிரேயர் மேடையில் மூன்று படி. மூன்றிலும் இடுப்பு வலித்தது. யாருக்கும் தெரியாமல் ஏறினேன்.

ஜனவரி 15, ஞாயிறு, பொங்கல்

இன்று பயிற்சி இல்லை. பானை பொங்கியதும் இவர் குலவை போடச் சொன்னார். போட்டேன். வேலை முடிந்து உட்கார்ந்ததும் ஞாபகம் எல்லாம் அந்தப் பக்கமே போகிறது.

1986. முதலாமாண்டு. வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், தலையில் தொப்பி. பேண்ட் போட்டுக்கொண்டு சைக்கிளில் தெருவைக் கடந்தால் அரசமரத்தடியில் தாயம் ஆடுகிறவர்கள்கூட ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். டெல்பின் மிதிப்பாள், நான் பின்னால் உட்கார்ந்து உத்தரவு போடுவேன். படகிலும் அதேதான். துறைமுகத்துக்குள் எங்கள் நீலப் பாய் விரிந்ததும் காலில் ஒரு நடுக்கம் வருமே, அதுபோல ஒன்று பிறகு எனக்கு எதிலும் வந்ததில்லை. கல்யாணத்திலும் வரவில்லை. இதை இவர் படிக்க மாட்டார், அவருக்குப் பேப்பரில் முதல் பக்கம் போதும்.

படகில் ‘ட்டி’ கிடையாது, அதாவது உத்தரவில் ‘ட்டி’ வராது என்ற சட்டம் அப்போது நான் போட்டதுதான். நெருங்கிய தோழியிடம் பேசினால் எங்கள் ஊர்ப் பெண்கள் வாயில் நிமிடத்துக்கு நாலு ‘ட்டி’ வரும். வாட்டி, போட்டி, சும்மா இரிட்டி. டெல்பின் ஓயாமல் பேசுவாள். எது பேச்சு, எது உத்தரவு என்று தெரியாமல் இரண்டு தடவை கவிழ்ந்தோம். அதனால் ஒரு ஏற்பாடு. ‘இழு’ என்றால் கயிற்றை இழு. ‘விடு’ என்றால் கயிற்றை விடு. ‘விடுட்டி’ என்றால் அந்தப் பேச்சை விடு, கயிற்றைத் தொடாதே. ‘ட்டி’ இல்லாமல் வந்தால் உத்தரவு. ஏன் என்று கேட்கக் கூடாது, உடனே செய்ய வேண்டும். அவளும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

ஜனவரி 22, ஞாயிறு

இன்று படகு ஓடியது. ஓடியது என்றால் ஓடியது.

போன தடவை ஏன் நத்தையாக நகர்ந்தோம் என்பது இன்றுதான் உறைத்தது. இரண்டு பேரும் பின்னால் தள்ளி, பஸ்ஸில் இடம் பிடித்ததுபோல வசதியாக உட்கார்ந்திருந்தோம். பின்பாரம் ஏறினால் படகு வாலைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போகும். முதுகுக்குப் பின்னால் தண்ணீர் களகளவென்று சத்தம் போட்டால் புதிதாக ஓட்டுகிறவர்கள் வேகமாகப் போகிறோம் என்று சந்தோஷப்படுவார்கள். அது வேகத்தின் சத்தம் இல்லை, வேகம் வீணாகிற சத்தம். காற்று குறைவாக இருக்கும்போது இரண்டு பேரும் முன்னால் நகர்ந்து ஒட்டி உட்கார வேண்டும். நகர்ந்தோம். சத்தம் நின்றது. படகு சறுக்கிக்கொண்டு போனது.

அடுத்தது கயிறு. இழுக்க இழுக்க வேகம் வரும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், நானும் நினைத்தவள்தான். இறுக்கிக் கட்டிய பாயில் காற்று தட்டி நிற்கும், படகு சாயும், ஆனால் முன்னேறாது. பாய் படபடக்கும் வரை விட வேண்டும். பிறகு படபடப்பு நிற்கும் வரை மட்டும் இழுக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு விரற்கடை இழுத்தாலும் நஷ்டம். முன்பாயில் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் கம்பளி நூல்தான் வாத்தியார். இரண்டு நூலும் படுத்து ஓடினால் சரி. உள்பக்க நூல் துள்ளினால் மூக்கு காற்றை நெருங்கிவிட்டது என்று பொருள். கண் அந்த நூலை விட்டு நகரக் கூடாது.

"ஏட்டி, சுக்கானப் போட்டு இப்படி ஆட்டாத. மாவா ஆட்டுத?" என்றாள் டெல்பின். சரிதான். சுக்கானை ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் அது கொஞ்சம் பிரேக் பிடிக்கிறது. இரண்டு விரலால் பிடித்தால் போதும்.

கரைக்கு வந்ததும் முன்பாயை எடுத்து மடியில் போட்டுப் பார்த்தாள். ஓரத்தில் தையல் விட்டிருந்தது. பையிலிருந்து ஊசி, மெழுகு நூல் எடுத்து அங்கேயே தைத்தாள். பம்பாயில் நாடகக் கம்பெனிகளுக்கு உடை தைக்கும் கடையில் முப்பது வருடம் இருந்தாளாம். ராஜா, ராணி, பேய், போலீஸ் எல்லாம் தைத்தாளாம். கப்பல் ஃபிட்டர் வேலை பார்த்த அவள் கணவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. இப்போது தம்பி வீட்டு மாடியில் இருக்கிறாள். சொல்லிக்கொண்டே தைத்தாள். பார்க்க வேண்டும் அந்தத் தையலை.

1988 பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

ஜனவரி 26, வியாழன்

கொடியேற்றினேன். மிட்டாய் பற்றாக்குறை. சத்துணவுக் கூடத்துக் குழாய் மறுபடி ஒழுகுகிறது.

வழக்கமான பேச்சு. இருபத்தோராவது தடவை. ஆனாலும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள். ‘என் இருபதாவது வயதில் பாய்மரப் படகுப் பந்தயம். ஜெயித்தால் விசாகப்பட்டினம் அகில இந்திய முகாம். முடிவு மிதவைக்கு இன்னும் நாற்பதடி. நாங்கள்தான் முதலில். அப்போது என்னோடு இருந்த பெண் கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டாள். படகு நின்றது. இரண்டு படகுகள் எங்களைத் தாண்டிப் போயின. அவளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள், மனம் அங்கே போய்விட்டது. மாணவிகளே, கையில் பிடித்த கயிற்றை விடாதீர்கள்.’ இந்த இடத்தில் நான் கையை முறுக்கிப் பிடித்துக் காட்டுவேன். கைதட்டல்.

பேரை எப்போதும் சொன்னதில்லை. அந்த நாகரிகம் எனக்கு உண்டு.

ஜனவரி 29, ஞாயிறு

நல்ல வாடைக் காற்று. இதுவரை போனதிலேயே இன்றுதான் வேகம். சொன்ன நொடியில் இழுத்தாள், சொன்ன நொடியில் விட்டாள். தண்ணீரில் கருமையாக ஒரு திட்டு நகர்ந்து வந்தால் அது வேகமான காற்று என்று பொருள். அது வந்து தொடுவதற்கு முன்பே அவள் வெளியே சரிந்து படகைத் தட்டையாக வைத்தாள். தட்டையாக ஓடுகிற படகுதான் வேகமான படகு. சாய்ந்து ஓடுவது போட்டோவுக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

அதிகம் பேசவில்லை. சளி பிடித்திருக்கிறதோ என்னவோ.

போகும்போது, "அடுத்த வாரம் ஆறு மணிக்கா, ஆறரைக்கா மேடம்?" என்றாள். கிண்டல் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 30, திங்கள்

வேறு வேலையாக எட்டு ‘பி’ பதிவேட்டைப் பார்க்க நேர்ந்தது. ஜோஸ்லின் என்று ஒரு பிள்ளை. அப்பா பெயர் அந்தோணி ராயன். டெல்பினின் தம்பிக்கும் அதே பெயர்தான். இந்த ஊரில் அந்தப் பெயர் எத்தனையோ பேருக்கு இருக்கும்.

பிப்ரவரி 5, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

பயிற்சி முடிந்து படகைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்து, அடிப்பாகத்தில் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். அடி வழவழப்பாக இல்லாவிட்டால் மேலே என்ன வித்தை காட்டியும் பிரயோஜனம் இல்லை. அவள் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "ஜோஸ்லின் வந்து கேக்கா. ‘அத்த, எங்க எச்.எம். படகுல கயிற விட்டது நீங்கதானா?’ன்னு" என்றாள்.

நான் பேரைச் சொல்லவில்லையே என்றேன்.

"படகுல ரெண்டே பேருதான மேடம்."

நான் தேய்ப்பதைத் தொடர்ந்தேன். அவளே பேசினாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், அதட்டிவிடுவேன்.

"நீங்க விடுன்னு சொன்னீங்க, நான் விட்டேன்."

"விடுட்டின்னு சொன்னேன். நீ பேசிக்கிட்டே வந்த. பேச்ச விடுன்னு சொன்னேன்."

"ட்டி வரல."

"வந்துச்சு டெல்பின். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"எனக்குக் காது ஞாபகம் இல்ல மேடம், கை ஞாபகம். ட்டி வந்திருந்தா இந்தக் கை விட்டிருக்காது." நாரை வாளியில் முக்கி எடுத்தாள். "அன்னைக்கு நான் என்ன பேசிக்கிட்டு வந்தேன்னாவது தெரியுமா?"

தெரியும் என்றேன். வீட்டில் கல்யாணம் பேசியிருப்பதாகச் சொன்னாள், மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை என்றாள்.

"அது மேல் பாதி. ஜெயிச்சு விசாகப்பட்டினம் போனா ரெண்டு வருஷம் தள்ளி வைக்கேன், படிப்ப முடின்னு அப்பா மாதா முன்னால சத்தியம் பண்ணிருந்தாரு. அதச் சொல்லத்தான் வாயத் திறந்தேன். அதுக்குள்ள நீங்க விடுன்னுட்டீங்க."

பாசி காய ஆரம்பித்தது.

"எனக்குத்தான் மேடம் ஜெயிக்க வேண்டியிருந்துச்சு. உங்களுக்கு இல்ல. நீங்க ஜெயிக்காமலே எச்.எம். ஆயிட்டீங்க."

வாளியைக் கவிழ்த்துவிட்டு, "பந்தயத்துக்கு வருவேன், பேரு குடுத்தாச்சு. படகுல ட்டி கிடையாது, கரையிலயும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

நான் ‘விடுட்டி’ என்றுதான் சொன்னேன். எனக்கு உறுதியாகத் தெரியும்.

பிப்ரவரி 6, திங்கள்

உறுதியாகத் தெரியும்.

பிப்ரவரி 8, புதன்

பள்ளியிலிருந்து அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு வந்து பரணில் ஏறினேன். இவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "என்ன தேடுத?" என்று நாலு தடவை கேட்டார். பழைய டைரி என்றேன். 85, 86, 87, 89 வரிசையாக இருந்தன. 88 மட்டும் தனியாக ட்ரங்குப் பெட்டியின் அடியில், என்.சி.சி. தொப்பிக்குள் இருந்தது. நானே அங்கே வைத்திருக்க வேண்டும்.

இன்று எழுத வேறு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 12, ஞாயிறு

கடைசிப் பயிற்சி. மிதவையைச் சுற்றித் திரும்புவதைப் பத்து தடவை செய்து பார்த்தோம். மிதவையிடம் வந்த பிறகு திரும்ப ஆரம்பித்தால் படகு அகலமாகச் சுற்றி, உள்ளே ஒரு சந்து விடும். பின்னால் வருகிறவள் அதில் நுழைந்துவிடுவாள். தள்ளி நின்றே திரும்ப ஆரம்பித்து, தாண்டும்போது மிதவையை உரசுகிற மாதிரி வர வேண்டும். பின்காற்றில் போகும்போது நடுப்பலகையை முக்கால்வாசி மேலே தூக்கச் சொன்னேன். தூக்கினாள். பெரிய பாயை அதன் அடிக்கம்போடு மறு பக்கம் வீசி மாற்றுவதற்கு முன் "தலை!" என்று கத்தினேன். குனிந்தாள். இதைக் கத்த மறந்துதான் புதிதாக ஓட்டுகிறவர்கள் பாதிப் பேர் மண்டையில் வீங்கிக்கொண்டு கரைக்கு வருவார்கள்.

எல்லாம் சரியாக நடந்தது. "சரி மேடம்" என்று பதினேழு தடவை சொன்னாள். எண்ணினேன்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். படகுத்துறையில் ஆட்கள் இருந்தார்கள். ஆட்கள் போன பிறகு அவளுக்கு நேரமாகிவிட்டது. ஆட்டோவரைக்கும் கூடப் போனேன். ‘வெயில் இப்பவே இப்படி அடிக்குதே’ என்றேன். ஆமாம் என்றாள்.

சரி, இங்கேயாவது எழுதுகிறேன். 1988 பிப்ரவரி 21, ஞாயிறு. நீல மை. என் கையெழுத்து அப்போதே திருத்தமாகத்தான் இருக்கிறது.

‘மூன்றாவதாக வந்தோம். முடிவுக்கு நாற்பதடி இருக்கும்போது டெல்பின் ஏதோ வீட்டுக் கதை பேசினாள். எனக்கு எரிச்சல். விடு என்றேன். கயிற்றை விட்டுவிட்டாள். இனி அவளோடு பேச மாட்டேன்.’

பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தாயிற்று. ‘விடு’ என்றுதான் இருக்கிறது. அன்று சாயங்காலமே எழுதியது.

ஏப்ரலில் அவள் கல்யாணப் பத்திரிகை வந்ததும் அதே டைரியில் இருக்கிறது. ‘போகவில்லை’ என்று ஒரே ஒரு வார்த்தை.

பிப்ரவரி 15, புதன்

செய்முறைத் தேர்வு நடத்த வெளியிலிருந்து வந்த ஆசிரியைகளுக்குச் சாப்பாடு ஏற்பாடு. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் சண்டை. நான் விசாரிக்கப் போனபோது ஒருத்தி, "நான் சொன்னத அவ தப்பா புரிஞ்சுக்கிட்டா டீச்சர்" என்றாள். நான் மற்றவளிடம், "உன் காதுல என்ன கேட்டுச்சு?" என்று கேட்டேன். இத்தனை வருட சர்வீஸில் இந்தக் கேள்வியை முதலில் கேட்டது இன்றுதான் என்று நினைக்கிறேன். இரண்டும் அழுதன. அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 19, ஞாயிறு

ஏழு படகு. பிள்ளைகளோடும் மாப்பிள்ளைகளோடும் எல்லோரும் வந்திருந்தார்கள். பேண்ட் இடுப்பில் ஏறாதவர்கள் சுடிதாரில் வந்தார்கள், நானும் அதில் ஒருத்தி. ஜோஸ்லின் படகுத்துறைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் "குட் மார்னிங் மேம்" என்று விறைப்பாக நின்றாள். அவள் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை.

ஆரம்பக் கோட்டில் மற்ற ஆறு படகுகளும் விசிலுக்காகக் காத்து நின்றன. நிற்கிற படகு விசில் அடித்த பிறகு வேகம் எடுக்க நேரம் ஆகும். நாங்கள் பின்னால் தள்ளி ஒரு வட்டம் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, விசிலும் நாங்களும் ஒன்றாகக் கோட்டுக்கு வருகிற மாதிரி முழு வேகத்தில் வந்தோம். வந்த வேகத்தில் முதல் மிதவை எங்களுக்குத்தான். பின்காற்றில் நான் பெரிய பாயை ஒரு பக்கம் விரித்துவிட, முன்பாயை மறு பக்கம் விரித்துப் பிடித்தாள் டெல்பின். இரண்டு நீலப் பாயும் நிறைந்து நின்றன. அந்தக் கால் நடுக்கம் வந்தது. அதேதான். இருபது வயதில் வந்த அதே நடுக்கம். அவளுக்கும் வந்திருக்கும், முதுகைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்.

கடைசி மிதவையைச் சுற்றி முடிவை நோக்கித் திரும்பினோம். எதிர்காற்று. நாலு படகு நீளம் முன்னால் இருந்தோம். இவள் முதுகு, நீலப் பாய், தூரத்தில் முடிவு மிதவை. எல்லாம் அன்று இருந்தபடியே இருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

"டெல்பின், டைரியைப் பாத்தேன்."

"நூலப் பாருங்க மேடம்."

"ட்டி இல்ல. நீ சொன்னதுதான் சரி. நான் வெறும் விடுன்னுதான் சொல்லியிருக்கேன். அன்னைக்கே எழுதி வச்சிருக்கேன். தெரிஞ்சேதான் அதத் தொப்பிக்குள்ள ஒளிச்சு..."

"மேடம், நூலு!"

உள்பக்க நூல் துள்ளிக்கொண்டிருந்தது. நான் நூலைப் பார்க்கவில்லை, அவள் பின்கழுத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். மூக்கு காற்றுக்கு நேராகத் திரும்பியது. பாய் இரண்டும் படபடவென்று அடித்தன. படகு நின்றது. முடிவுக்கு நாற்பதடி.

இந்தத் தடவை கயிற்றை யாரும் விடவில்லை. அவள் கையில் இறுக்கமாகத்தான் இருந்தது.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து, முன்பாயின் மூலையைக் கையால் பிடித்து எதிர்ப்பக்கமாகக் காற்றில் தள்ளிப் பிடித்தாள். காற்று அதில் மோதி மூக்கை மெதுவாகத் திருப்பியது. இப்படி நின்றுபோன படகுக்கு அதுதான் வழி. சுக்கானைப் போட்டு அங்கும் இங்கும் ஆட்டினால் ஒன்றும் நடக்காது. 1988-இல் கயிறு விட்டதும் படகு இப்படித்தான் காற்றுக்கு நேராகத் திரும்பி நின்றது, எங்கள் இரண்டு பேருக்குமே அப்போதே இந்த வழி தெரியும். நான் அன்று அதைச் செய்யச் சொல்லவில்லை. அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன். இதுவும் இன்றுதான் ஞாபகம் வருகிறது.

அதற்குள் மூன்று படகுகள் தாண்டிவிட்டன. நாலாவது இடம்.

கரையில் சண்முகக்கனி ஓடி வந்தாள். "என்னட்டி, ஜெயிச்சிட்டீங்கன்னே நெனச்சேன்! மறுபடி அங்கேயே வந்து நின்னுட்டீங்க! என்னாச்சு?"

"என் தப்பு" என்றேன்.

சண்முகக்கனிக்குப் புரியவில்லை. முப்பத்தைந்து வருடமாக அந்த இடத்தில் வேறு பதிலைக் கேட்டுப் பழகியவள். டெல்பின் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள், கை ஒரு நொடி நின்றது. பிறகு சுருட்டினாள். சாப்பிடாமல் ஜோஸ்லினைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

படகில் சொல்லக் கூடாது. காற்றில் யாருக்குக் கேட்கும்? அந்தக் கதையை நான் சொன்னது படகில் இல்லை. மைக்கில்.

பிப்ரவரி 20, திங்கள்

மூன்று படி. இடுப்பு வலிக்கிறதா என்று கவனிக்கவில்லை.

குறள் ஆனது, செய்தி வாசித்தாயிற்று. நான் மைக்கைப் பிடித்தேன். ஆயிரத்து இருநூறு பிள்ளைகள், நாற்பத்தாறு ஆசிரியைகள். எழுதிக்கொண்டு போன தாளைப் பார்க்கவில்லை. சொன்னது இவ்வளவுதான்:

"குடியரசு தினத்தன்னைக்கு ஒரு கதை சொன்னேன். இருபத்தோரு வருஷமாச் சொல்லுதேன். அது பொய். என்கூட இருந்தவங்க தானாக் கயிற்றை விடல. விடச் சொன்னது நான். படகுல என் உத்தரவக் கேட்டு நடக்கணும்னு சட்டம் போட்டதும் நான். அவங்க சட்டப்படி நடந்தாங்க. அந்தப் பந்தயத்துல தோத்ததால அவங்க படிப்பு நின்னுபோச்சு. என் படிப்பு நிக்கல. நான் அவங்க கல்யாணத்துக்குக்கூடப் போகல. அவங்க பேரு டெல்பின். இதுவரைக்கும் அந்தக் கதையக் கேட்டுட்டுப் போன உங்க அக்காமார்கிட்ட, அம்மாமார்கிட்ட, நான் இப்படிச் சொன்னேன்னு சொல்லுங்க. இன்னொண்ணு. கையில பிடிச்ச கயிற்றை விடாதீங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். படகு கவிழப் போச்சுன்னா முதல்ல கயிற்றைத்தான் விடணும். அதையும் தப்பாச் சொல்லிக்கொடுத்திருக்கேன்."

கைதட்டல் இல்லை. எப்போது தட்டுவது என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. எட்டு ‘பி’ வரிசையில் ஒரு பிள்ளை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நேராக என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன்.

பிறகு முதல் பீரியடு மணி அடிக்கச் சொன்னேன். குழாய் ரிப்பேர்காரன் வந்தான். உதவித் தலைமையாசிரியை என்னிடம் வழக்கத்துக்கு மேல் மரியாதையாகப் பேசினாள், அது நல்லதா கெட்டதா தெரியவில்லை. இவருக்கு யார் சொன்னார்களோ, மத்தியானம் போன் பண்ணி, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

சாயங்காலம் ஐந்தரைக்கு டெல்பின் போன். நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஜோஸ்லின் வந்து சொன்னா. மைக்குல அழுதீங்களாமே?"

"அழல. தொண்ட கட்டிருச்சு."

"அவ அப்படியே நடிச்சுக் காட்டுதா. தொண்ட கட்டுனது மாதிரி தெரியல."

அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி ஓடியது.

"எனக்குக் கோவம் போகல, கேட்டீங்களா?" என்றாள். "பாதி இருக்கு. அது இருக்கட்டும், அது பாட்டுக்கு இருக்கும். அந்த முன்பாய்க்கு மறு ஓரமும் பிரியப் போவுது, சண்முகக்கனிகிட்ட கேட்டு வாங்கி வைங்க. ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு வாரேன்."

சரி என்றேன். இதோடு வைத்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"டெல்பின், அந்த ரெண்டு வருஷம்... உன் படிப்பு... நான் மட்டும் அன்னைக்கு ஒரு நிமிஷம் நீ சொல்லுறதக் காது கொடுத்துக் கேட்டிருந்தா..."

மெஷின் நின்றது.

"விடுட்டி" என்றாள்.